வன்னி வீதியும் வேகத்தின் எல்லையும்

ஒரு மோட்டார்க் காரின் உச்ச வேகத்தை வரையறுப்பது யாது? அதனைக் கூட்டும் வழி யாது? கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ, வாகனம் திருத்தும் கராஜ் ஒன்றின் முன்னே மாலை வேளையிற் கூடும் இளைஞரிடம் இவ்வினாவை எழுப்பினால், பெரும்பாலோர் 'எஞ்சின்' என்ற ஒரு சொல்லாலேயே விடையிறுப்பர். பெரிய எஞ்சினைப் பூட்டினால் பெரிய வேகம் வரும் என்பது அவர்தம் துணிபு. இவ்விடை முற்றும் பிழையன்று. ஆயினும் பாதி உண்மையே. மற்றப் பாதி காற்றிலும், வீதியிலும், எரிபொருளிலும், இவற்றையெல்லாம் திறக்கவும் அடைக்கவும் வல்ல அதிகாரத்திலும் தங்கியிருக்கிறது. இவ்வுண்மையைப் பௌதிக நூல்களைக் காட்டிலும் தெளிவாக வன்னிப் பெருநிலத்தின் வரலாறு எமக்கு உரைக்கிறது.

வன்னியின் ஊடாகவும் அதன் ஓரமாகவும் சென்ற பாதைகளிலே நெடுங்காலம் மனிதனின் கால்தான் வேகத்தின் அளவுகோல். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து திரட்டப்பட்ட ஏழைத் தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, காடும் வறண்ட குளங்களும் நிறைந்த வடபாதை வழியே மாத்தளை நோக்கி நூற்றைம்பது மைலளவு நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் தாகமும் அவர்களை வழிநெடுகிலும் வீழ்த்தின. கோப்பிக் கொட்டையைத் துறைமுகத்துக்கு விரைந்து கொண்டுசெல்லக் கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை போட்ட ஆட்சி, அக்கோப்பியைப் பறிக்க வந்த மனிதரை நடக்கவே விட்டது. பண்டத்துக்கு ஒரு வேகம், மனிதனுக்கு ஒரு வேகம் என்ற இந்தப் பாகுபாடு எமது வரலாற்றில் அன்றே தொடங்கிவிட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே செல்லும் பெருவீதியில் மாட்டுவண்டி மணிக்கு இரண்டு மைல் என்ற கணக்கில் ஊர்ந்தது. வெயிலுக்கு அஞ்சி இரவிலே வண்டி பூட்டுவர். யானைக்கும் கரடிக்கும் அஞ்சி வண்டிகள் கூட்டமாகச் செல்லும். 1895இல் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி விரிவான கைநூலொன்றை வெளியிட்டார். அதற்குப் பத்தாண்டுகளின் பின்னரே, 1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், வன்னிக் காட்டைக் கிழித்துக்கொண்டு வட இலங்கை ரயில்பாதை முழுமை பெற்றது. 1956ஆம் ஆண்டு ஏப்ரலில் 'யாழ்தேவி' ஓடத் தொடங்கியதும், 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டதும் வேகத்தை ஓரளவேனும் பொதுமக்களின் உடைமையாக்கின. காசுள்ளவன் காரில் விரைய, காசில்லாதவன் கடலை மென்றுகொண்டு காத்திருந்த நிலை அப்போதுதான் சற்றே மாறிற்று. ரயில் வந்து நின்ற மாங்குளமும் கிளிநொச்சியும் சந்தைகளாயின; சந்தைகள் பட்டினங்களாயின.

இனிக் காரின் கதைக்கு வருவோம். 1899ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே பாரிஸ் நகருக்கு அருகில், கமிய் ஜெனாற்சி என்ற பெல்ஜியர், மின்கலத்தால் ஓடிய வண்டியொன்றில் மணிக்கு 105.88 கிலோமீற்றர் வேகத்தை எட்டினார். நூறு கிலோமீற்றரைத் தாண்டிய முதல் மோட்டார் வண்டி அதுவே. அதன் உடலைச் சுருட்டு வடிவில், இரு முனையும் கூராக அமைத்திருந்தனர். காற்றைக் கிழித்துச் செல்லவேண்டும் என்ற அறிவு அன்றே இருந்தது. ஆனால் நகைப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு: அந்த அழகிய சுருட்டின் மேலே ஓட்டுநர் இடுப்புக்கு மேல் முழுவதும் வெளியே தெரிய நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்! உடலின் கூர்மை தந்த நன்மையில் ஒரு பகுதியை அவரது மார்பே கெடுத்தது.

காற்று எத்தகைய பகைவன் என்பதை வன்னியின் சைக்கிள்காரருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சோளகம் வீசும் மாதங்களிலே ஆனையிறவு வெளியைச் சைக்கிளில் கடந்தவர் அனைவரும் அறிவர். மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர் வேகத்தில் மிதிக்கும் ஒருவருக்கு எதிரே இருபது கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசுமாயின், அவர் உடல்மீது மோதும் காற்றின் வேகம் முப்பத்தைந்து. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருபடியாக வளர்வது. ஆகவே காற்றில்லா நாளில் தாங்கியதைப் போல் ஐந்தரை மடங்கு எதிர்ப்பை அவர் அன்று தாங்குகிறார். அதனாலேயே அவர் தம்மை அறியாமல் முதுகை வளைத்து, முகத்தை ஹாண்டிலோடு சேர்த்து, முன்னே செல்லும் லொறியின் பின்னால் ஒதுங்கப் பார்க்கிறார். பந்தயக் காரின் பொறியியலாளர் காற்றுச் சுரங்கத்தில் இலட்சக்கணக்கில் செலவிட்டுச் செய்வதும் இதுவே: முகப்பின் பரப்பைக் குறைத்தல், வடிவை வழுவழுப்பாக்கல், பின்புறத்திலே காற்று சுழன்று இழுப்பதைத் தணித்தல்.

எதிர்ப்பு இருபடியாக வளர, அதனை வெல்ல வேண்டிய குதிரைவலு முப்படியாக வளர்கிறது. ஏனெனில் எதிர்ப்பு மட்டுமன்றி, ஒவ்வொரு வினாடியிலும் கடக்கும் தூரமும் கூடுகிறது. வேகத்தை இரட்டிக்க வேண்டுமாயின் வலுவை எட்டு மடங்காக்க வேண்டும். எமது வீதிகளிலே பல்லாண்டு உழைத்த மொறிஸ் மைனர் காரையே எடுத்துக்கொள்வோம். 1948இல் அலெக் இசிகோனிஸ் என்பவரின் வடிவமைப்பில் வெளிவந்த இக்காரில், 1956இல் பூட்டப்பட்ட 948 கன சென்றிமீற்றர் எஞ்சின் 37 குதிரைவலு தந்தது. உச்ச வேகம் ஏறக்குறைய 120 கிலோமீற்றர். அதே காரை 240இல் ஓட்ட விரும்பினால் முந்நூறு குதிரைவலுவளவு வேண்டும். 2005இல் வந்த புகாட்டி வேரோன் 1,001 குதிரைவலுவுடன் 408 கிலோமீற்றரை எட்டியது. மைனரின் உருவத்தோடு அந்த வேகத்தை அடையக் கணக்கின்படி 1,450 குதிரைவலு தேவை. நடுவிலுள்ள நானூற்றைம்பதை மிச்சப்படுத்தியது பெரும்பாலும் உடலின் வடிவமே எனலாம். எஞ்சினை மட்டுமே நம்பும் இளைஞர்கள் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நன்று.

எஞ்சினும் வடிவமும் போதுமானவையாய் இருந்தாலும் பல்சக்கரம் ஒத்துழைக்க வேண்டும். எஞ்சின் தன் முழு வலுவையும் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்திலேயே தரும். கார் தன் உச்ச வேகத்தை அடையும் தறுவாயில் எஞ்சினும் அச்சுழற்சியை அடையுமாறு பல் விகிதம் அமையவேண்டும். விகிதம் தாழ்ந்திருந்தால் எஞ்சின் கதறும், கார் ஓடாது. உயர்ந்திருந்தால் எஞ்சின் திணறும், அப்போதும் ஓடாது. பின்னர் டயர். கடுவேகத்திலே டயரின் ஒவ்வொரு பகுதியும் நிலத்தில் நசுங்கி, மீண்டு, வெளிநோக்கி வீசப்படுகிறது. அதனால் பிறக்கும் வெப்பம் அதனைப் பிளந்துவிடும். ஆகவேதான் டயரின் பக்கத்திலே அது தாங்கும் வேகத்துக்கு ஓர் எழுத்தைப் பொறிக்கின்றனர். இவை யாவற்றுக்கும் மேலாக, காரின் அடியிலும் மேலிலும் பாயும் காற்று அதனை நிலத்திலிருந்து தூக்க முயல்கிறது. கீழே அழுத்தி வைக்கச் சிறகு பூட்டினால் இழுவை கூடி வேகம் குறைகிறது. ஒன்றைக் கொடுத்தே இன்னொன்றைப் பெறவேண்டியிருக்கிறது.

இத்தனையும் அமைந்தபின் ஓடுவதற்கு ஓர் இடம் வேண்டுமே! தென்னாசியாவில் அவ்விடத்தைத் தந்தது, விந்தையாக, போர். சென்னைக்கு அருகே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளமொன்றிலேயே பல்லாண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடந்தன. இலங்கை ஓட்டுநரும் அங்கு சென்று போட்டியிட்டனர். இலங்கையின் கட்டுக்குருந்தையும் அப்படியான பழைய ஓடுபாதையே. உலகின் தரைவேகச் சாதனையாகிய 1,227.985 கிலோமீற்றரை 1997ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்கப் பாலைவனத்தில் நிலைநாட்டிய பிரித்தானிய வண்டிக்குப் பூட்டப்பட்டவை போர்விமானத்தின் இரு எஞ்சின்கள். அதே 1997ஆம் ஆண்டில் வன்னி மக்கள் அறிந்த அதிவேகமும் போர்விமானத்தினுடையதே. ஆனால் அது தரையில் ஓடவில்லை. 'கிபிர்' என்று அவர்கள் அழைத்த அதன் ஓசை கேட்கும் முன்னரே பதுங்குகுழிக்குள் இறங்கக் குழந்தைகளும் பழகியிருந்தனர்.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் மூண்ட போருடன் யாழ்தேவி வடக்கே வருவது நின்றது. கண்டி வீதி அடைபட்டது. பெற்றோல், டீசல், மின்கலம், சீமெந்து, பசளை, வாகன உதிரிப்பாகம் முதலியவை வடக்கே செல்லத் தடை விதிக்கப்பட்டது. 1995இன் இறுதியில் யாழ் குடாநாட்டிலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் பெயர்ந்தபோது அவருட் பெருந்தொகையினர் கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னியிற் குடியேறினர். அடுத்த ஆண்டு கிளிநொச்சி நகரமும் இராணுவத்தின் கைக்கு மாற, அந்நகரின் ஆஸ்பத்திரியே அக்கராயனுக்கு இடம்பெயர்ந்தது. இந்நிலையிலேதான் வன்னியின் கராஜ்களில் ஒரு தொழில்நுட்ப வரலாறு எழுதப்பட்டது. அதனை எழுதியவர் எவரும் பட்டதாரியல்லர். எண்ணெய்க் கறை படிந்த சாரத்துடன் நின்ற தொழிலாளிகளே.

குடும்பங்களின் விளக்குக்கென மண்ணெண்ணெய் அளவாக வந்துகொண்டிருந்தது. அதனைக் கொண்டு பெற்றோல் எஞ்சினை ஓட்டுவது எங்ஙனம்? குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆவியாகாதது தீப்பொறியில் பற்றாது. ஆகவே சிறு போத்தலொன்றில் பொன்போலப் பாதுகாத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்குவர். சேலைன் குழாய் இதற்கு நன்கு உதவியது. எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். நிறுத்தினால் மீண்டும் அதே சடங்கு. இதனாலேயே மோட்டார்சைக்கிள்காரர் கடைவாசலில் வண்டியை அணைக்காமலே சாமான் வாங்குவது வழக்கமாயிற்று. புளித்த மணமுள்ள வெண்புகை வீதியெங்கும் மிதந்தது. அக்காலத்து வன்னியை நினைக்கும் எவர்க்கும் அம்மணமே முதலில் நினைவில் எழும்.

மண்ணெண்ணெய்க்கு இன்னொரு குற்றமும் உண்டு. சிலிண்டருக்குள் அழுத்தம் மிகுந்தால் அது உரிய வேளைக்கு முன்னரே வெடித்து, சம்மட்டியால் அடிப்பது போன்ற தட்டல் ஓசையை எழுப்பும்; பிஸ்ரன் உடையும். அழுத்தத்தைத் தணிக்க, சிலிண்டர் ஹெட்டின் கீழே காஸ்கெற்றைத் தடிப்பாக்கி வைத்தனர். தீப்பொறி விழும் நேரத்தைப் பிந்தச் செய்தனர். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீர் போலாக்குமாதலால் அதனை அடிக்கடி மாற்றவேண்டியிருந்தது. பளபளக்கும் புதிய ஜப்பானியக் கார்கள் அவற்றின் உயர்ந்த அழுத்தம் காரணமாக இப்பரீட்சையில் தேறவில்லை. ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய ஆங்கிலக் கார்கள் தேறின. முப்பது நாற்பது ஆண்டு வயதான கிழவண்டிகள் மாப்பிள்ளை போல் மதிக்கப்பட்டன! இவை யாவும் உலகுக்குப் புதியனவல்ல. போரின் பின்னர் பிரித்தானிய விவசாயிகளுக்கென 1949இல் வெளியிடப்பட்ட பெர்குசன் உழவு இயந்திர வகையொன்று, பெற்றோலில் தொடங்கி மலிவான மண்ணெண்ணெய் வகையில் ஓடுமாறு தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டது. அங்கே பொறியியலாளர் கணித்துச் செய்ததை இங்கே தொழிலாளர் காதால் கேட்டுச் செய்தனர்.

இந்த மாற்றங்களால் எஞ்சினின் வலு கால்வாசி குறைந்ததென்று கொள்வோம். உச்ச வேகம் எவ்வளவு குறையும்? கால்வாசி என்று தோன்றும். ஆனால் முப்படிக் கணக்கின்படி நூற்றுக்கு ஒன்பதே குறையும். 120இல் ஓடிய கார் 109இல் ஓடும். (ஏற்றத்தில் ஏறுவதிலும் பாரம் இழுப்பதிலும் இழப்பு முழுமையாகவே தெரியும், அது வேறு.) இதே கணக்கு மறுபுறமும் செல்லும்: எஞ்சினின் வலுவைக் கால்வாசி கூட்டுபவர் உச்ச வேகத்தில் நூற்றுக்கு எட்டுக்கூடப் பெறார். அங்ஙனமாயின் அந்த ஆண்டுகளிலே வன்னியின் வாகனங்களை நடைவேகத்துக்கு இறக்கியது மண்ணெண்ணெயன்று. குண்டு விழுந்த குழிகளை நிரப்பத் தாரில்லை. தேய்ந்த டயருக்கு மாற்று டயரில்லை. உடைந்த சில்லுக்கு உதிரிப்பாகமில்லை. பெருவீதி போர்முனையாகிவிட, காட்டுப்பாதைகளே வழியாயின. 1997 மே மாதத்தில் வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை அவ்வீதியைத் திறப்பதற்கென்றே 'ஜயசிக்குறு' என்ற பெரும் படைநடவடிக்கை தொடங்கப்பட்டு, ஒன்றரை ஆண்டுக்கு மேல் நீடித்தும் வீதி திறக்கவில்லை. எழுபத்தைந்து கிலோமீற்றரளவான தூரம்! மொறிஸ் மைனர் ஒரு மணிநேரத்தில் ஓடி முடிக்கும் தூரம்.

அந்நாட்களில் பாம்பு தீண்டிய விவசாயியும் பிரசவ வேதனையிலிருந்த பெண்ணும் உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களைப் பொறுத்தவரை மணிக்குப் பத்துக் கிலோமீற்றருக்கும் இருபது கிலோமீற்றருக்கும் இடையிலிருந்த வேறுபாடு, சாதனைப் புத்தகத்தில் ஏறும் எந்த வேறுபாட்டினும் பெரிது. மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் ஆஸ்பத்திரி வாசலில் வந்துநின்ற வண்டிகளின் வேகத்தை எவரும் அளந்து வைக்கவில்லை. பந்தயத் திடலில் ஆயிரத்திலொரு வினாடியை அளக்கும் கருவிகளைச் செய்த இந்நூற்றாண்டின் நாகரிகத்தைப் பற்றி, இவ்விடத்தில் நாம் கசப்பின்றி எழுத இயலவில்லை.

2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தோடு கண்டி வீதி திறந்தது. தென்னிலங்கையிலிருந்து பஸ்களும் வான்களும் வரிசையாக வந்தன. அதுவரை குழிகளே கட்டுப்படுத்திய வேகத்தைக் கட்டுப்படுத்த இப்போது வேகமானியுடன் காவலர் நிற்கவேண்டியதாயிற்று. 2006 ஆகஸ்டில் வீதி மீண்டும் அடைபட்டது. 2009ஆம் ஆண்டின் பேரழிவுக்குப் பின்னர், மக்களின் உடைந்த கார்களும் உழவு இயந்திரங்களும் சைக்கிள்களும் முள்ளிவாய்க்கால் மணலில் துருப்பிடித்துக் கிடந்தன. மண்ணெண்ணெயில் ஓடப் பழகிய அந்த எஞ்சின்களின் வரலாறு அங்கேயே முடிந்தது.

பின்னர் சீனக் கடனில் வீதி அகலித்துக் காப்பெற் இடப்பட்டது. இந்தியக் கடனில் இருப்புப்பாதை மீண்டும் போடப்பட்டு, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் யாழ்தேவி வந்து சேர்ந்தது. இன்று அவ்வீதியில் இரவு பஸ்கள் பறக்கின்றன. சட்டம் காருக்குப் பட்டினத்துக்கு வெளியே 70 கிலோமீற்றரையே அனுமதிக்கிறது. வீதியோ நூற்றுக்கு மேல் ஓட அழைக்கிறது. வேகம் கூடும்போது மோதலின் ஆற்றல் இருபடியாகக் கூடும் என்பதை நாம் மறக்கலாகாது: எழுபதில் மோதுவதைப் போல் இரு மடங்கு ஆற்றல் நூறில் மோதும்போது வெளிப்படும். வயல் விதைத்த காலத்தில் மேய்ச்சல் நிலமிழந்த மாடுகள் வீதியின் இளஞ்சூட்டை நாடி இரவிலே தாரின்மேல் படுத்திருக்கின்றன. யானைகள் கடக்கின்றன. பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில் வரும் பிள்ளைகளுக்கோ அதே வீதியைத் தவிர வேறு பாதை இல்லை. வீதி போட்டவர்கள் ஊடாகச் செல்பவரின் வேகத்தை எண்ணினர். ஓரத்தில் வாழ்பவரை எண்ணினரா என்று கேட்க எமக்கு உரிமை உண்டு.

2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருளின்றி நின்றபோது, வன்னியின் வயோதிபர் சிலர் மெல்லச் சிரித்திருப்பர். கொழும்பிலே கார்கள் மைல்கணக்கில் வரிசையில் கிடந்தன. எந்தப் பந்தயக் காரின் உச்ச வேகமும் வரிசையில் நிற்கும்போது சுழியமே. அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 340 ரூபாவாயிற்று; அதற்கு முன் 87 ரூபா. அடி விழுந்தது விளக்கேற்றும் குடிசைக்கும், மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு எஞ்சின்களுடன் கடலுக்குச் செல்லும் முல்லைத்தீவு மீனவருக்கும். பல படகுகள் கரையிலே கிடந்தன. சென்றவரும் அருகிலேயே வலை வீசித் திரும்பினர்.

கண்டி வீதியில் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலின் முன்னே இன்றும் வாகனங்கள் நிற்கின்றன. சொகுசு பஸ்ஸும், நெல்மூட்டை ஏற்றிய உழவு இயந்திரமும், கொழும்பிலிருந்து வந்த விலையுயர்ந்த காரும் அங்கே ஒரே வரிசைதான். ஓட்டுநர் இறங்கித் தேங்காய் உடைக்கிறார். பயணிகள் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு ஏறுகின்றனர். கடலை வறுக்கும் பெண்களில் சிலர் மட்டும், பழைய எஞ்சினொன்று வெண்புகை கக்கிக்கொண்டு வந்தால், சட்டியிலிருந்து தலையை நிமிர்த்தி அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கின்றனர்.